இன்னொரு ஆள் இருக்கிறார் என்ற கணக்கு

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் பெண்ணிடம் வாசலிலேயே கேட்டுவிடுவார்கள்: “வீட்டுக்காரர் எங்கம்மா வேலை பார்க்கிறார்?” தமிழில் அந்த ஒரே சொல் வீட்டின் சொந்தக்காரரையும் குறிக்கும், கணவரையும் குறிக்கும். இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் சொந்தக்காரரை ‘ஹவுஸ் ஓனர்’ ஆக்கிவிட்டோம் போலிருக்கிறது. எனக்கு அப்போது 26 வயது. இடுப்பில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. “நானும் பிள்ளைங்களும் மட்டும்தான் சார்” என்று சொன்னதும் அதுவரை காலியாக இருந்த வீடு “வேற ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டாங்கம்மா” ஆகிவிடும். ஏழு வீடுகள் அப்படிப் போயின. எட்டாவது வீட்டுக்கு என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை, சும்மா நின்றார். வீடு கிடைத்தது.

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டே பழகிய இந்த ஊர் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, அது தனிக் கதை. எனக்குக் கதவைத் திறந்தது முன்பணமும் இல்லை, சட்டமும் இல்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு பெரியவர்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே தைரியம், தியாகம் என்று போய்விடுகிறோம். தைரியம் வேண்டும்தான். ஆனால் தைரியம் சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளி வாசலில் போய் நிற்காது. அங்கே ஒரு ஆள் போய் நிற்க வேண்டும். பள்ளி நேரம், கடை நேரம், ரேஷன் கார்டு, விண்ணப்பப் படிவம், ஆஸ்பத்திரி வார்டு என்று இந்த ஊரில் எதை எடுத்தாலும், ‘வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார்’ என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டே அமைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு பொய்த்த வீட்டில் இளம் தாய் முதலில் கற்றுக்கொள்வது, இல்லாத அந்த ஆளைப் பல இடங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேர்ப்பதைத்தான்.

யார் இந்தத் தாய்மார்கள் என்றால், ஒரே மாதிரி இல்லை. கணவர் இறந்தவர், விவாகரத்து வாங்கியவர், வாங்காமலே பிரிந்து வந்தவர், கணவர் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போனவர், பெயருக்குக் கணவர் இருந்தும் அவர் சம்பளம் முழுக்க டாஸ்மாக்கில் கரைகிறவர் என்று பல வகை. கணவரை இழந்தவருக்கு ஊர் இரக்கமாவது காட்டும், கையில் இறப்புச் சான்றிதழ் இருக்கும். விட்டுவிட்டுப் போனவர் விஷயத்தில் இரண்டும் கிடையாது. “நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்” என்பதுதான் கிடைக்கும்.

பிள்ளை வளர்க்கும் கலை நம் ஊரில் எப்படிக் கைமாறியது என்பதையும் யோசிக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, உரம் விழுந்த குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டுவது, எந்த அழுகை பசி, எந்த அழுகை வயிற்றுவலி என்பது எல்லாம் அந்தச் சில மாதங்களில்தான் அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும். டாக்டர்கள் திட்டும் சில பழக்கங்களும் கூடவே வரும், சரி. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவருக்கு இந்தப் பாடமே நடப்பதில்லை. பின்னால் தனியாக நிற்க நேரும்போது, பள்ளிக்கூடம் போகாமலே பரீட்சை எழுதுவது போலத்தான் ஆகிறது.

நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே

ஆரம்பப் பள்ளி நாலு மணி வாக்கில் விடும். தி.நகரில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனால் காலை பத்துக்குள் உள்ளே இருக்க வேண்டும், வெளியே வர இரவு ஒன்பது, ஒன்பதரை ஆகும். 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுக்க நின்றே விற்றவர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாடு சொன்னது. நல்ல சட்டம். உட்காரும் உரிமை வந்துவிட்டது, நாலு மணிக்கு எழுந்து போகும் உரிமைதான் இன்னும் வரவில்லை.

தனியாக இருக்கும் தாய் சம்பளத்தைப் பார்த்து வேலை தேடுவதில்லை, கடிகாரத்தைப் பார்த்துத் தேடுகிறாள். பன்னிரண்டாவது முடித்த பெண் ஏன் கடை வேலையை விட்டுவிட்டு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் சமைக்கவும் போகிறாள் என்று அடுக்குமாடிச் சங்கங்களில் ஆச்சரியப்படுவார்கள். பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, தீபாவளிக்கு ஒரு புடவை. ஆனால் பிள்ளை காய்ச்சலில் படுத்தால் “அக்கா, இன்னிக்கு சாயங்காலம் வரேன்” என்று போனில் சொல்லிச் சமாளிக்கலாம். கடையில் அன்றைய கூலி போகும், மூன்றாவது முறை வேலையே போகும். ஓ.எம்.ஆர். பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கும் சிக்கல் இதுதான். அவரால் டே கேருக்குப் பணம் கட்ட முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சின்னப் பிள்ளைக்கு அங்கன்வாடி உண்டு. இரண்டு வயதிலிருந்து விடலாம், மதியம் சோறும் முட்டையும் கிடைக்கும். ஆனால் பள்ளி விடும் நேரத்துக்கு அதுவும் சாத்திவிடும். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றது. நூற்றுக்கணக்கில் பெண்கள் நிற்கும் எத்தனையோ கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். தொட்டிலைப் பார்த்தது துணிக்கடையின் குழந்தைகள் பிரிவில்தான், விலைச் சீட்டோடு.

சரி, அந்த ஐந்து மணி நேரத்தைச் சென்னை எப்படிச் சமாளிக்கிறது? டியூஷன். தெருவுக்கு ஒரு டியூஷன் அக்கா இருப்பார். ஒன்றாவது படிக்கும் பிள்ளைக்கு டியூஷன் எதற்கு, இப்பவே மதிப்பெண் வெறியா என்று திட்டுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. வடசென்னையிலும் சைதாப்பேட்டையிலும் பாதி டியூஷன்கள் உண்மையில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் இடங்கள். வாய்ப்பாடு ஒரு சாக்கு. ஏழரை வரைக்கும் பாயில் உட்கார வைத்து, யாரோடும் சண்டை போடாமல் பார்த்து, அம்மா வந்ததும் ஒப்படைப்பதற்குத்தான் மாதம் பிறந்ததும் பணம். 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்கத்தான் வந்தது. தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருவிலேயே ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். என்னைப் போன்றவர்களின் கணக்கில் அது ஒன்றரை மணி நேரக் காவல்.

அக்கம்பக்கம் என்ற இந்தச் சொத்து எவ்வளவு பெரியது என்பது, அது பறிபோகும்போதுதான் தெரியும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று, கரையோரத்திலும் நகரின் நடுவிலும் இருந்த குடும்பங்களை இருபது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் குடிவைத்தார்கள். வீடு கல்வீடுதான், பெண் பெயரிலேயே ஒதுக்கீடு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் பழைய இடத்தில் வாசலில் நின்று குரல் கொடுத்தால் அத்தை வருவார், சித்தி வருவார். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்கு. அத்தைக்கு வேறு பிளாக், சித்திக்கு இடமே வரவில்லை. வீட்டு வேலை பார்த்த மயிலாப்பூருக்கு விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும். நல்ல அம்மாவாக இருப்பதற்கு அவளுக்கு இருந்த வசதியில் பாதி, யாரும் திட்டம் போட்டுச் செய்யாமலேயே, அந்த லாரியில் ஏறாமல் நின்றுவிட்டது.

பெயர் எழுதாத உதவியும் பெயர் எழுதிய உதவியும்

அரசாங்கத் திட்டங்களில் தனித் தாய்க்கு உண்மையில் உதவுபவை எவை என்று எனக்குத் தெரிந்தவர்களைக் கேட்டால், விசித்திரமான பதில் வரும். அவற்றில் எதிலும் ‘தனித் தாய்’ என்ற பெயரே இருக்காது.

முதலில் காலைச் சிற்றுண்டி. 2022 செப்டம்பரில் சில ஊர்களில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். ஊட்டச்சத்து, வருகைப்பதிவு என்று அதன் பலனை எழுதுவார்கள். ஆறு மணிக்கு முதல் வீட்டு வேலைக்குப் போக வேண்டியவளுக்கு அதன் பலன் வேறு: காலையில் அடுப்படியில் நிற்க வேண்டிய முக்கால் மணி நேரம் அவள் கைக்கு வந்தது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்த மதியச் சோறு, காமராசர் காலத்தில் விரிந்து, 1982-இல் எம்.ஜி.ஆரிடம் சத்துணவாகி, நூறு வருடம் கழித்து காலை வேளைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இதை யாரும் தனித் தாய்க்கான கொள்கை என்று சொல்லவில்லை. ஆனால் வேலை அப்படித்தான் செய்கிறது.

அடுத்தது பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் காசு கிடையாது. பள்ளிக்கு ஒரு நடை, வேலைக்கு ஒரு நடை, நடுவில் கோர்ட்டுக்கோ ரேஷன் ஆபீசுக்கோ ஒரு நடை என்று ஓடுபவளுக்கு இதன் கணக்கு மாதக் கடைசியில் தெரியும். 2013-இல் வந்த அம்மா உணவகத்தையும் சொல்ல வேண்டும். ஒரு ரூபாய் இட்லியும் ராத்திரிச் சப்பாத்தியும், அடுப்பு பற்றவைக்கத் தெம்பில்லாத நாட்களில் எத்தனை பேரைக் காப்பாற்றின என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இந்த மூன்றிலும் யாரும் “உன் புருஷன் எங்கே?” என்று கேட்பதில்லை. அதுதான் அவற்றின் சிறப்பு.

இனி, அவள் பெயர் எழுதிய திட்டங்கள். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு ஓய்வூதியம் உண்டு, 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் விதியைப் படியுங்கள். வயது 30 முடிந்திருக்க வேண்டும். கணவர் விட்டுப்போய் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட் மூலம் பிரிந்ததற்குச் சான்று வேண்டும். 24 வயதில் இரண்டு பிள்ளைகளோடு நிற்பவளுக்குப் பணம் அதிகம் தேவைப்படுவது முதல் ஐந்து வருடத்தில்தான், சின்னது பால் குடிக்கும் காலத்தில். அந்தக் காலம் முடிந்து, அவள் எப்படியோ எழுந்து நின்ற பிறகு வந்து பார்க்கச் சொல்கிறது திட்டம்.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை இருக்கிறது. கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளும் இதில் வரலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. மாதம் 8,000. சென்னையில் அதற்குக் கீழே சம்பாதித்து, ஒரு அறை வாடகையும் கொடுத்து, இரண்டு பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று விதி எழுதியவரைத்தான் கேட்க வேண்டும். மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளும் அதில் வருவார்கள்.

எல்லாவற்றுக்கும் வேர் ரேஷன் கார்டு. பிரிந்து வந்த பெண்ணின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் பெரும்பாலும் மாமியார் வீட்டுக் கார்டிலேயே இருக்கும். அங்கே பெயரை நீக்காமல் இங்கே புதுக் கார்டு கிடைக்காது. அங்கிருப்பவர்களுக்கோ நீக்க அவசரம் ஒன்றுமில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான். ஆக, பிள்ளையை வளர்ப்பவள் இங்கே வியாசர்பாடியில் இருக்க, ஆயிரம் ரூபாய் அந்தக் கார்டின் குடும்பத் தலைவியான மாமியார் கணக்கில் ஏறலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கும் ரேஷன் கார்டுதான் கேட்பார்கள். பிரிந்து வரும் பெண்ணிடம் நான் முதலில் சொல்வது நகையைப் பற்றி இல்லை, கார்டைப் பற்றி. அதோடு, கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழை இ-சேவை மையத்தில் பதிவு செய்து வாங்கலாம், வி.ஏ.ஓ. வந்து விசாரிப்பார், தாசில்தார் கொடுப்பார். கணவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் வி.ஏ.ஓ. விசாரிக்கும் அந்த அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டியது.

அப்பா பெயர்

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். சாதிப் பெயரைத் துறந்த பெருமை அதில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை பிள்ளை தன் பெயரை எழுதும்போதும், முன்னால் ஒரு புள்ளி வைத்து அப்பா வந்து உட்காருவார், அவர் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தாலும். அம்மாவின் முதல் எழுத்தையும் வைக்கலாம், தடை ஒன்றுமில்லை. முதலிலிருந்தே வைத்தால் எளிது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் ஒன்று என்று ஆகிவிட்டால், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரும்போது தலைவலிதான்.

சட்டம் இந்த விஷயத்தில் மெதுவாக நகர்ந்திருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம், பிள்ளையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய் என்றது. ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது, அதாவது வளர்க்கத் தாய், கையெழுத்துப் போடத் தந்தை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கக் காப்பாளராகக் கையெழுத்திட்டபோது, அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ‘அவருக்குப் பின்’ என்றால் அவர் செத்த பிறகு என்று பொருளில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோது என்றும் கொள்ளலாம் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. 2015-இல் இன்னொரு வழக்கில், திருமணமாகாத தாய் தந்தையின் பெயரை வெளியிடாமலே, அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலே காப்பாளராகலாம் என்றது நீதிமன்றம். 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகள் மாறி, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றானது. மற்றவர் கையெழுத்து கிடைக்காதபோது பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு ‘அனெக்சர் சி’ என்ற உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. இதெல்லாம் புத்தகத்தில். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் “சார் வரலையா?” என்றுதான் ஆரம்பிப்பார். தீர்ப்பின் நகலை எடுத்துப்போகத் தேவையில்லை, படிவத்தின் பெயரைச் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடியும் என்பது அனுபவம்.

பள்ளிச் சேர்க்கையும் இப்படித்தான். என் மூத்தவளுக்காக ஒரு தனியார் பள்ளிக்குப் போனபோது, இரண்டு பெற்றோரும் நேர்காணலுக்கு வர வேண்டும் என்றார்கள். ஒருவர்தான் இருக்கிறேன் என்றதும், “அப்ப கஷ்டம்தான் மேடம்” என்றார்கள், எது கஷ்டம் என்று சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ இப்படிச் சோதித்துச் சேர்ப்பதையே தடை செய்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். எனக்கு அது தெரிந்தது இரண்டு வருடம் கழித்து.

ஜீவனாம்சம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவு. மனைவிக்கும் பிள்ளைக்கும் கேட்கலாம், விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான விஷயங்களைச் சொன்னது. இரு தரப்பும் சொத்து, வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். விண்ணப்பித்த தேதியிலிருந்தே தொகை கணக்காக வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம், போனில் 15100. உத்தரவு வாங்குவது ஒரு வேலை, பணம் வாங்குவது இன்னொரு வேலை. வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் பாரிமுனைக்குப் பஸ் ஏற வேண்டும்.

“இரு, அப்பா வரட்டும்”

இதுவரை சொன்னது வெளியே. வீட்டுக்குள் நடப்பது இன்னும் கடினம், அதற்குப் படிவமும் கிடையாது.

தமிழ் வீடுகளில் அம்மாவின் பெரிய ஆயுதம் ஒரு வாக்கியம்: “இரு, அப்பா வரட்டும், சொல்றேன்.” அப்பா வந்து ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அந்த வாக்கியமே போதும், சாயங்காலம் வரை வீடு அமைதியாக இருக்கும். அம்மா அடித்தால் பாட்டி மடியில் போட்டுக்கொள்வார், அப்பா திட்டினால் அம்மா சோறு ஊட்டுவார். கோபம் ஒரு பக்கம், ஆறுதல் ஒரு பக்கம் என்று வேலைப் பங்கீடு. தனியாக இருக்கும் வீட்டில் அடித்த கையேதான் அணைக்கவும் வேண்டும். பிள்ளை யாரிடம் போய் அழும்? அடித்தவளிடமே வந்து அழும். முதல் தடவை இது நடந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இதை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: கோபம் வந்தால் அடுப்படிக்குப் போய் முகம் கழுவுவது. திரும்பி வருவதற்குள் இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் போகிறவள் ஒருத்தி, வருகிறவள் இன்னொருத்தி என்று பிள்ளைகளே புரிந்துகொண்டார்கள். சின்னவன் ஒரு நாள், “அம்மா முகம் கழுவப் போயிட்டாங்க, இப்ப நல்லா வருவாங்க” என்று அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்னொன்று எனக்குக் கோபமே வரும் விஷயம். சாவு வீட்டில், சில சமயம் பிரிந்து வந்த வீட்டிலும், எட்டு வயதுப் பையனின் தோளைத் தட்டி யாராவது ஒரு மாமா சொல்வார்: “இனிமே நீதான்டா இந்த வீட்டுக்கு ஆம்பளை. அம்மாவைப் பார்த்துக்க.” பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பையன் பம்பரம் கேட்க வெட்கப்படுவான். அக்கா எங்கே போகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று கணக்குக் கேட்கும் உரிமையும் அவனுக்கு வந்துவிட்டதாக நினைப்பான். பெண் பிள்ளையாக இருந்தால் இந்த வசனம் கிடையாது. ஒன்றும் சொல்லாமலே கையில் கரண்டியைக் கொடுத்துவிடுவார்கள். பத்து வயதில் தம்பிக்கு அவளே இன்னொரு ஆள். பிள்ளைகள் வீட்டு வேலை பழகுவது நல்லதுதான், என் வீட்டிலும் தண்ணீர் பிடிப்பது பெரியவள் வேலை. மாத வாடகை கட்டினோமா என்று அவள் கவலைப்படும் நாள் வந்தால் அதை நான் தடுக்க வேண்டும். அதுவரை போனால் அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தண்ணீர்க் குடத்தை விடப் பெரிது.

அப்பா எங்கே என்ற கேள்விக்குப் பலர் ‘வெளியூரில் வேலை’ என்று சொல்லி வைக்கிறார்கள். நானும் சொன்னேன். ஆறு மாதம் ஓடும். அப்புறம் தீபாவளி வரும், பள்ளியில் விளையாட்டு விழா வரும், வெளியூர்க்காரர் ஏன் லீவுக்குக் கூட வரவில்லை என்ற கேள்வி வரும். பொய்யை விரித்துக்கொண்டே போக வேண்டும். “அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருக்கப் போவதில்லை, அது உன்னால் நடந்தது இல்லை” என்ற இரண்டு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். தான் பால் கொட்டியதால்தான் அப்பா போய்விட்டார் என்று என் மகள் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

உடம்பு சரியில்லாத இரவுகள்தான் இந்தக் கணக்கின் கடைசிப் பரீட்சை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், மற்றதை எங்கே விடுவது? வார்டில் இரண்டாவது பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள், தொற்று ஒட்டும் என்பது நியாயமான காரணம். வெளியே மருந்து வாங்க, ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்க, டோக்கன் எடுக்க ஒரு ஆள் வேண்டும், உள்ளே பிள்ளையோடு ஒரு ஆள் வேண்டும். அங்கே பக்கத்துப் படுக்கையில் இருந்த திருவள்ளூர்ப் பாட்டி, “நீ போய்ட்டு வாம்மா, நான் பார்த்துக்கிறேன்” என்று என் மகனின் காலைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைக் கூட நான் கேட்கவில்லை.

அந்த இரவுக்குப் பிறகுதான், எனக்கே ஏதாவது ஆனால் என்ற யோசனை வந்தது. வங்கிக் கணக்கிலிருந்து வருடத்துக்கு 436 ரூபாய் எடுத்துக்கொள்ளும் ஜீவன் ஜோதி, 20 ரூபாய் எடுத்துக்கொள்ளும் விபத்துக் காப்பீடு இரண்டிலும் சேர்ந்தேன், ஒவ்வொன்றும் இரண்டு லட்சம். வாரிசுதாரராகப் பிள்ளை பெயரைப் போட்டால், 18 வயது ஆகும்வரை அந்தப் பணத்தை வாங்கி வைக்க ஒரு பெரியவர் பெயரும் கேட்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். பிரிந்து வந்த புதிதில் பேசாமல் இருந்த அண்ணியின் பெயரை எழுதினேன். அவரிடம் சொன்னபோது, “இதெல்லாம் ஏன் இப்ப எழுதுறே?” என்று திட்டிவிட்டு, அந்த வாரம் முழுக்க ராத்திரி போன் செய்தார்.

பள்ளி டைரியின் முதல் பக்கத்திலும் ஒரு கட்டம் உண்டு, ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள’ என்று. இரண்டு நம்பர் எழுத வேண்டும். முதல் வருடம் இரண்டு கோட்டிலும் என் நம்பரையே எழுதிக் கொடுத்தேன். டீச்சர் கூப்பிட்டு, “ரெண்டும் ஒண்ணா இருக்கே” என்றார். அன்று சாயங்காலம் கீழ் வீட்டு அக்காவிடம் போய் நின்றேன். அவர் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். தன் நம்பர் அவருக்கு மனப்பாடம் இல்லை. என் நம்பரைச் சொல்லி மிஸ்டு கால் கொடுக்க வைத்தேன். “அப்படியே உன் பேரையும் இதுல போட்டுக் கொடு, எனக்குத் தெரியாது” என்று போனை என்னிடமே நீட்டினார்.